சீம்லெஸ் குழாய்த் துணியில் இரண்டு அடுக்கு: பருத்தி வெளியே எட்டிப் பார்க்குது, வெல்ட் சுருளுது

#1 குழாய்நூல்
மெஷின்: சிங்கிள் ஜெர்சி சீம்லெஸ், 14 இன்ச் டயா, 28 காஜ் (இன்ச்சுக்கு 28 ஊசி), 1248 ஊசி, 8 ஃபீடர் (நூல் ஊட்டும் இடம்). டயலில் (சிலிண்டருக்கு மேலே இருக்கிற தட்டு) நூலைப் பிடித்து வைக்கும் ஜாக் மட்டும்தான், ஊசி கிடையாது.
பீஸ்: உடம்போடு ஒட்டி நிற்கிற பெண்கள் கேமிசோல். வெளியே 70 டெனியர் 68 ஃபிலமென்ட் டெக்ஸ்சர்டு நைலான், உள்ளே 60ஸ் கோம்டு பருத்தி. கூடவே 20 டெனியர் லைக்ராவை 20 டெனியர் நைலானால் சுற்றிய கவர்டு நூல். அடி வெல்ட் (மடித்துப் பின்னிய கீழ்ப்பட்டை) 4 செ.மீ.

மூன்று பிரச்சினை.
ஒன்று, மார்புப் பகுதியை இழுத்தால் உள்ளே இருக்க வேண்டிய பருத்தி வெள்ளையா வெளியே தெரியுது.
இரண்டு, வெல்ட் மூடுகிற கோட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை.
மூன்று, போட்டுக்கொண்டு ரெண்டு தடவை குனிந்து நிமிர்ந்தால் அடி வெல்ட் மேலே சுருண்டு ஏறுது.

இன்னொரு கேள்வி. பையர் முன்பக்கம் முழுக்க நிஜமான இரண்டு அடுக்கு கேட்கிறார். இந்த மெஷினில் முடியுமா, டயல் ஊசி இருக்கிற மெஷினுக்குத்தான் போகணுமா?

#2 காஜ்28
முதலில் அடுக்குன்னு எதைச் சொல்றோம்னு பிரிச்சுக்குவோம். மூணு வேற வேற விஷயத்துக்கு ஒரே பேரு ஓடிட்டிருக்கு.

பிளேட்டிங்: ஒரே ஊசிக் கொக்கியில் இரண்டு நூல். ஒன்று முகத்தில், ஒன்று முதுகில். துணி ஒண்ணுதான், முகம்தான் ரெண்டு. நடுவில் காற்று நிற்காது, பிரிச்சு எடுக்க முடியாது. இதை அடுக்குன்னு விற்கலாம், ஆனா நெசத்துல அடுக்கு இல்லை.
மடிப்பு: ஒரு குழாயைப் பின்னி மடித்து, இரண்டு தாளாக்குறது. வெல்ட் அப்படித்தான் வருது.
இரட்டைப் படுக்கை: சிலிண்டர் ஊசி ஒரு தாள், டயல் ஊசி இன்னொரு தாள், இடையில் டக் (பழைய லூப்பை விடாம புது நூலையும் ஊசியில சேர்த்துப் பிடிக்கிறது) போட்டுப் பிணைப்பு. பனியன் கம்பெனிக்காரங்க ஏர் லேயர்னு சொல்ற துணியோட குடும்பம்.

உங்க முதல் பிரச்சினை பிளேட்டிங், அடுத்த ரெண்டும் மடிப்பு, பையர் கேட்கிறது மூணாவதா இருக்கலாம், இல்ல ரெண்டாவதாவும் இருக்கலாம். அவர்கிட்ட ஸ்வாட்ச் வாங்கி, ரெண்டு தாளையும் விரலால கிள்ளிப் பிரிச்சுப் பாருங்க. எங்கேயும் ஒட்டாம பிரிஞ்சா மடிப்பு. புள்ளி புள்ளியா பிடிச்சிருந்தா டக்.

இப்ப பருத்தி விஷயம். பருத்திக்காரங்க கவுண்ட்ல பேசுவாங்க (60ஸ், 80ஸ், எண் கூடினா நூல் மெல்லிசு), நைலான்காரங்க டெனியர்ல (எண் கூடினா குண்டு). ரெண்டையும் ஒரே தராசுல வைக்காததுதான் முதல் தப்பு. 5315-ஐ கவுண்டால வகுத்தா டெனியர். 60ஸ் = 88 டெனியர் சொச்சம். வெளியே மூடவேண்டிய நைலான் 70. போர்வையை விட உள்ளே இருக்கிறது குண்டு. எந்த டென்ஷன் வெச்சாலும் இழுத்தா எட்டித்தான் பார்க்கும். வெளி நூல் உள் நூலுக்குச் சமமாவது இருக்கணும்.

80ஸ் போட்டா 66 டெனியர், 70 நைலான் மூடிடும். சரி, நைலானை 140 ஆக்கிடலாமேன்னு நினைச்சீங்கன்னா: 140 + 88 + லைக்ராவுக்கு ஒரு 25 வெச்சாலும் 250-ஐத் தாண்டுது. 28 காஜ் கொக்கிக்கு 180 பக்கத்துல போனாலே நிறைஞ்சிடும். தாண்டினா லாட்ச் (கொக்கியோட மூடி) மூடாது, ஊசி வளையும், வரி வரியா நீடில் லைன் விழும். அதுக்கு 24 காஜ் மெஷின் வேணும்.

#3 குழாய்நூல்
80ஸ் மாற்றிப் பார்க்கலாம். ஆனால் 60ஸிலேயே இடுப்புப் பகுதியில் தெரியவில்லை, மார்பில் மட்டும்தான் தெரியுது. அது ஏன்?
டென்ஷன் இப்போ: நைலான் 4 கிராம், பருத்தி 2 கிராம், கவர்டு லைக்ரா 3 கிராம்.

#4 காஜ்28
இடுப்புல லூப் சின்னது, மார்புல ஸ்டிச் மோட்டார் லூப்பை நீட்டிவிடுது. நீண்ட லூப்புக்குள்ள நூல் ரெண்டும் உருண்டு புரள இடம் கிடைக்குது. அதுதான்.

ஆனா டென்ஷன் தலைகீழா இருக்கு. மூடுற நூல் தளர்வா, நிறைய நீளமா உள்ளே போகணும். அப்பதான் அதோட டெக்ஸ்சர் விரிஞ்சு போர்த்தும். உள் நூல் கொஞ்சம் இழுபட்டு, நீளம் குறைஞ்சு, பின்னால ஒதுங்கணும். நைலானை 4-லிருந்து 2, 2.5-க்கு இறக்குங்க, பருத்தியை 3-க்கு ஏத்துங்க. லைக்ராவைத் தொட வேண்டாம். அதைத் தொட்டா பீஸோட அகலமே மாறிடும்.

டென்ஷன் மீட்டரை மட்டும் நம்பாதீங்க. நூல்ல பேனாவால ஒரு புள்ளி வெச்சு, மெஷினைக் கையால ஒரு சுற்று சுத்தி, எவ்வளவு நூல் போச்சுன்னு அளந்து பாருங்க. லூப் நீளம் 2.8 மி.மீ. வந்தா 1248 ஊசிக்கு ஒரு சுற்றுக்கு 3.49 மீட்டர். பருத்தி 2.75 மி.மீ.ன்னா 3.43 மீட்டர். அந்த 6 செ.மீ. வித்தியாசம் வெளி நூல் பக்கம் கூடுதலா இருக்கணும். உங்க செட்டிங்ல அது பருத்திப் பக்கம் கூடுதலா இருக்கும், அளந்து பாருங்க.

#5 நீடில்பெட்டி
ஒரு விஷயம் விட்டுப்போச்சு, நூல் ஊசிக்கு வர்ற கோணம். கொக்கியோட தலைக்குப் பக்கத்துல, மேலே இருந்து வர்ற நூல் துணியோட முதுகுக்குப் போகும். கீழே தாழ்வா வர்றது முகத்துக்கு வரும். உங்க மெஷின்ல யார்ன் ஃபிங்கர் (ஊசிக்கு நூலைக் கொடுக்கிற விரல்) மாத்தும்போது பருத்தி ஃபிங்கர் அரை மி.மீ. தாழ்ந்திருந்தாலும் ரெண்டும் ஒரே வழியா நுழைஞ்சிடும், அப்புறம் எது முகம்னு ஊசிதான் முடிவு பண்ணும்.

அடையாளம் இப்படி:
ஒரே ஃபீடர்ல, 8 கோர்ஸுக்கு (கிடை வரிசைக்கு) ஒரு தடவை கிடைக்கோடா பருத்தி தெரிஞ்சா அந்த ஃபீடரோட ஃபிங்கர் உயரம்.
நெட்டுக்கு ஒரே வரியில தெரிஞ்சா அந்த ஊசி. லாட்ச் தளர்ந்திருக்கும் இல்ல கொக்கி தேய்ஞ்சிருக்கும்.
அங்கங்கே திட்டுத் திட்டா சிதறித் தெரிஞ்சா டென்ஷன், இல்ல பருத்தியில முறுக்கு உயிரோட இருக்கு. கோனிலிருந்து ஒரு முழம் உருவி ரெண்டு முனையையும் சேர்த்துப் பிடிங்க. தானா முறுக்கிக்கிட்டா அந்த நூலை ஆவி கொடுத்துப் படிய வெச்ச பிறகுதான் ஏத்தணும்.
டிசைன் இருக்கிற இடத்துல மட்டும்னா அது பிளேட்டிங் கோளாறே இல்லை. மிஸ் ஸ்டிச் (ஊசி நூலை வாங்காம விடறது) பின்னால மிதக்கிற நூல் பக்கத்து லூப்பை இழுத்துத் திருப்புது. மிதவை 3 ஊசியைத் தாண்டாம டிசைனை மாத்துங்க.

#6 வெல்ட்மடிப்பு
ஓட்டைக்கு வர்றேன். வெல்ட் எப்படி உருவாகுதுன்னு வரிசையா எழுதுறேன், எந்தப் படியில தப்புதுன்னு நீங்களே பிடிச்சிடலாம்.

முந்தின பீஸ் ஊசியை விட்டுக் கழன்று காற்றுக் குழாய்ல உறிஞ்சப்பட்டுப் போயிடும். ஊசி எல்லாம் காலி. இப்ப ஒன்று விட்டு ஒன்று ஊசி மேலே ஏறி நூலை வாங்கும். இறங்கி நிற்கிற ஊசிகளுக்கு மேல நூல் பாலம் மாதிரி கிடக்கும். டயல் ஜாக் வெளியே நீண்டு அந்தப் பாலத்தைப் பிடிச்சுக்கும். ரெண்டு ஊசிக்கு ஒரு ஜாக், உங்க மெஷின்ல 624. ஜாக் உள்ளே போய் முதல் கோர்ஸைக் கையில வெச்சுக்கிட்டுக் காத்திருக்க, ஊசி எல்லாம் சேர்ந்து வெல்ட்டோட முழு நீளத்தையும் பின்னும். 4 செ.மீ. வெல்ட்டுக்கு 8 செ.மீ. துணி. செ.மீ.க்கு 26 கோர்ஸ்னு வெச்சா 208 கோர்ஸ். 4 ஃபீடர் பின்ன, 4 ஃபீடர் லைக்ராவை லூப் ஆக்காம இடையில படுக்க வெச்சா (இடையீடு) சுற்றுக்கு 4 கோர்ஸ்தான், ஆக 52 சுற்று. அப்புறம் ஜாக் திரும்ப வெளியே வரும். அதோட ரெண்டு இதழுக்கு நடுவுல ஊசி ஏறி, ஜாக் பின்வாங்கும்போது லூப் ஊசியில விழும், இதுதான் டிரான்ஸ்ஃபர். அடுத்த கோர்ஸ் ரெண்டையும் சேர்த்துப் பின்னினா வெல்ட் மூடிடுச்சு.

ஓட்டை வர்ற வழிகள்:

எல்லா பீஸிலும் ஒரே இடத்துல ஒரே ஓட்டைன்னா அந்த ஜாக். இதழ் வளைஞ்சிருக்கும் இல்ல ரெண்டு இதழும் ஒட்டியிருக்கும். மாத்திடுங்க. இடுக்கியால நிமிர்த்தி ஓட்டினா ரெண்டு ஷிஃப்ட் தாங்காது.

20, 30 ஊசி அகலத்துக்கு வரிசையா ஓட்டைன்னா ஜாக்கைத் தள்ளுற டயல் கேம் தாமதமா வேலை செய்யுது. காற்றழுத்தம், காற்று சிலிண்டரோட சீல், அந்த வால்வு மூணையும் பாருங்க.

பீஸுக்கு பீஸ் இடம் மாறினா நூல்தான் காரணம். இங்கேதான் உங்க பருத்தி மேல எனக்குச் சந்தேகம். முதல் கோர்ஸ்லயும் டிரான்ஸ்ஃபர் கோர்ஸ்லயும் பருத்தி போட்டிருக்கீங்களா? பருத்தி நூல் 6, 8 விழுக்காடு நீண்டாலே அறும். டிரான்ஸ்ஃபர்ல லூப் இழுபடுற இழுப்புக்கு அது தாங்காது. பஞ்சு வேற ஜாக் இதழுக்குள்ள அடையும். முதல் கோர்ஸுக்கு நைலானும் கவர்டு லைக்ராவும் மட்டும் போடுங்க. பருத்தியை வெல்ட் தொடங்கின 3-வது சுற்றுல ஏத்தி, மூடுறதுக்கு 2 சுற்று முன்னாடி வெளியே எடுங்க.

சுற்றெல்லாம் பரவலா ஓட்டைன்னா டயல் நடுவுல இல்லை. ஊசி ஜாக்கோட ரெண்டு இதழுக்கும் நட்டநடுவுல ஏறுதான்னு டார்ச் அடிச்சு, எதிரெதிரே நாலு இடத்துல பாருங்க. ஒரு பக்கம் உரசினா டயலைத் திருப்பிச் சரிசெய்யணும்.

கடைசியா லூப் அளவு. முதல் கோர்ஸ் இறுக்கமா இருந்தா ஜாக்ல ஆழமா உட்கார்ந்து வர மறுக்கும். டிரான்ஸ்ஃபருக்கு ஒரு சுற்று முன்னும் ஒரு சுற்று பின்னும் ஸ்டிச்சைத் தளர்த்துங்க. ரொம்பத் தளர்த்தினா மூடுற கோடு வாயைப் பிளந்து நிற்கும், அதையும் ஓட்டைன்னு செக்கிங்கில் கழிச்சிடுவாங்க.

#7 குழாய்நூல்
முதல் கோர்ஸில் பருத்தி இருக்கு. எடுத்துவிடுகிறேன். இடம் மாறி மாறித்தான் வருது, நீங்கள் சொன்னதோடு பொருந்துது.
சுருளுவதற்கு லைக்ரா கூட்டலாமா? இப்போது வெல்ட்டில் எல்லா இடையீட்டு ஃபீடரிலும் லைக்ரா போகுது.

#8 பிடிமானம்
கூட்டுங்க. பிடிமானம் பத்தாமத்தான் ஏறுது. 40 டெனியர் லைக்ரா போட்டா அசையாது. அதுவும் பத்தலைன்னா உள்ளே சிலிக்கான் பட்டை ஒட்டலாம்.

#9 கணக்கன்
#8 சொல்வதை வேண்டாம் என்பேன். லைக்ரா கூட்டினால் இன்னும் வேகமாக ஏறும். ஏன் என்று கணக்கில் காட்டுகிறேன்.

உடம்பின் மேல் துணி கொடுக்கிற அழுத்தம் = துணியின் இழுவிசை ÷ உடம்பின் ஆரம். லாப்லாஸ் விதி. இரண்டு தாள் இருந்தால் இழுவிசை கூடி வரும். ஆகவே உடல் பகுதிக்கும் வெல்ட்டுக்கும் ஒரே லூப், ஒரே நூல் வைத்தாலும், மடித்த காரணத்தினாலேயே வெல்ட் இரண்டு மடங்கு அழுத்தும். மேலே ஓர் அழுத்தம், ஒரு கோட்டைத் தாண்டியதும் இரட்டிப்பு. அந்தப் படியில்தான் சதை பிதுங்குகிறது, துணி புரள்கிறது. அதிக இழுவிசை உள்ள விளிம்பு எப்போதும் குறைந்த சுற்றளவைத் தேடி நகரும். கேமிசோலின் அடி விளிம்பு இடுப்பெலும்பின் மேல் உட்கார்கிறது, அங்கிருந்து குறைந்த சுற்றளவு மேலே இடையில்தான் இருக்கிறது. ஏறாமல் என்ன செய்யும்?

எண்ணில் பார்ப்போம். இடுப்புச் சுற்று 92 செ.மீ. என்றால் ஆரம் 14.6 செ.மீ. 5 மி.மீ. பாதரச அழுத்தம் வேண்டுமென்றால் (சாதாரண உள்ளாடைக்கு அதுவே தாராளம்) 667 பாஸ்கல் × 0.146 மீட்டர் = மீட்டருக்கு 97 நியூட்டன், அதாவது செ.மீ.க்கு 0.97. இரண்டு தாளுக்கும் பங்கு பிரித்தால் தாளுக்கு 0.49தான். 4 செ.மீ. வெல்ட்டுக்கு மொத்தம் 3.9 நியூட்டன்.

இதை அளக்க லேப் வேண்டாம். வெல்ட் பட்டையை மட்டும் வெட்டி எடுத்து இரண்டு மெல்லிய கம்பிகளில் வளையமாக மாட்டுங்கள். மேல் கம்பியை விற்தராசில் தொங்கவிட்டு, கீழ்க் கம்பியை வளையம் 92 செ.மீ. சுற்றளவு ஆகும்வரை இழுங்கள், கம்பி இடைவெளி ஏறத்தாழ 46 செ.மீ. வளையத்தின் இரு பக்கமும் இழுப்பதால் 7.8 நியூட்டன், தராசில் சுமார் 800 கிராம். உங்கள் பட்டை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் காட்டினால் ஆச்சரியப்பட மாட்டேன். நீட்டிய உடனே படிக்காதீர்கள், அரை நிமிடம் விட்டுப் படியுங்கள். லைக்ரா முதல் சில நொடிகளில் கொஞ்சம் தளரும்.

குறைப்பதற்கு: இடையீட்டு லைக்ராவை இரண்டு கோர்ஸுக்கு ஒன்றாக்குங்கள். வெல்ட்டை 4-லிருந்து 6 செ.மீ. ஆக்குங்கள். வெல்ட்டுக்கு மேலே 2, 3 செ.மீ. உடல் பகுதியில் லூப்பைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து வெல்ட்டில் சேருங்கள். ஸ்டிச் மோட்டார் கோர்ஸ் கோர்ஸாக மாற்றக்கூடியது, அந்த வசதியைப் பலர் மார்பு வளைவுக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு மற்ற இடத்தில் படிக்கட்டு வைத்துவிடுகிறார்கள்.

#10 பிடிமானம்
மருத்துவ அழுத்தச் சாக்ஸ்ல கணுக்கால்ல அழுத்தம் அதிகம், மேலே போகப் போகக் குறைவுன்னு வைக்கிறாங்களே. அங்கே கணுக்கால்ல லைக்ரா கூட்டித்தானே செய்றாங்க?

#11 கணக்கன்
அழுத்தம் வேறு, இழுவிசை வேறு. கணுக்கால் சுற்று 22 செ.மீ., ஆரம் 3.5. அங்கே 20 மி.மீ. பாதரசத்துக்கு செ.மீ.க்கு 0.93 நியூட்டன் போதும். கெண்டைக்கால் சுற்று 36, ஆரம் 5.73. அங்கே 14 மி.மீ. மட்டும் வேண்டும் என்றாலும் 1.07 நியூட்டன் தேவை. அழுத்தம் குறைவான இடத்தில் இழுவிசை அதிகம். வளைவு கூர்மையாக இருக்கிற இடத்தில் சும்மாவே அழுத்தம் ஏறும். அந்தச் சாக்ஸுக்கான ஜெர்மன் ரால் தர அளவில் முதல் வகுப்பு 18 முதல் 21 மி.மீ., இரண்டாம் வகுப்பு 23 முதல் 32. அதெல்லாம் கணுக்காலில் அளக்கிற எண்கள். உள்ளாடைக்கு அந்த எண்ணைத் தூக்கி வராதீர்கள். வயிற்றில் 20 மி.மீ. வைத்தால் மனுஷி உட்கார முடியாது.

#12 வெல்ட்மடிப்பு
கணக்கனோட ஒத்துப்போறேன், ஒண்ணு சேர்க்கணும். சிங்கிள் ஜெர்சி மேல் கீழ் விளிம்புல முகத்துப் பக்கம் சுருளும், அது அதன் பிறவிக் குணம். வெல்ட்ல ரெண்டு தாளும் முதுகோடு முதுகா ஒட்டியிருக்கிறதால ஒண்ணோட சுருளை இன்னொண்ணு அடக்கிடும். ஆனா ரெண்டும் சமமா இருந்தாத்தான். வெல்ட்டோட முதல் பாதியும் ரெண்டாம் பாதியும் வேற லூப் நீளத்துல பின்னியிருந்தா மடிப்புக் கோடு விளிம்புல நிற்காம உள்ளேயோ வெளியேயோ நழுவும். பாதியில, உங்க 104-வது கோர்ஸ்ல, ரெண்டு மூணு கோர்ஸுக்கு ஒன்று விட்டு ஒன்று ஊசியை மிஸ் பண்ணிப் பாருங்க. துணி அந்தக் கோட்டுல தானா மடியும், கத்தி மாதிரி.

#13 குழாய்நூல்
ரொம்ப நன்றி. இப்போ பெரிய கேள்வி, முன்பக்க இரண்டு அடுக்கு. ஸ்வாட்ச் வந்தது. கிள்ளினால் முழுசாகப் பிரியுது, டக் பிணைப்பு இல்லை.

#14 காஜ்28
அப்ப புது மெஷின் வேண்டாம், பிழைச்சீங்க. மடிப்புதான். வெல்ட்டுக்கு 8 செ.மீ. பின்ற அதே அறிவை நீட்டி, கேமிசோல் உயரத்துக்கு ரெண்டு மடங்கு குழாய் பின்னுங்க. நடுவுல மடிப்புக் கோடு. மெஷினை விட்டு வந்த பிறகு உள் பாதியை உள்ளே திருப்பிவிட்டு மேலே தோள், கழுத்து, கை வெட்டுல சேர்த்துத் தைக்கிறது. சீம்லெஸ் பிராவுல அடிப்பட்டையில மடிச்சு ரெண்டு தாளாக்குறது இதே வித்தைதான்.

கவனிக்க வேண்டியது ஒண்ணு, நிறைய பேர் இங்கேதான் கோட்டை விடுறாங்க. குழாயை உள்ளே மடிச்சா உள் தாளோட முதுகு வெளித் தாளோட முதுகைப் பார்த்து நிற்கும். உடம்புல படறது உள் தாளோட முகம். இதுவரைக்கும் பருத்தியை முதுகுல பிளேட் பண்ணிக்கிட்டு இருந்தீங்க, உடம்புல படணும்னு. மடிச்சதும் அந்தப் பருத்தி ரெண்டு தாளுக்கும் நடுவுல போய் ஒளிஞ்சிடும், உடம்புல நைலான்தான் உரசும். அதனால உள் பாதி பின்னும்போது பருத்தி முகத்துக்கு வரணும். யார்ன் ஃபிங்கரை மாத்தி தாழ்வான கோணத்துல பருத்தியைக் கொடுங்க. வெளிப் பாதிக்கு பருத்தியே தேவையில்லை, வெறும் நைலானும் லைக்ராவும் போதும். எட்டிப் பார்க்கிற பிரச்சினையும் அங்கேயே முடிஞ்சது.

#15 குழாய்நூல்
அடேங்கப்பா. அப்போ 80ஸ் வாங்கவே வேண்டாமா?

#16 காஜ்28
உள் தாளுக்கு 60ஸே இருக்கட்டும். 88-உம் லைக்ராவும் மட்டும்தானே கொக்கியில, நிம்மதியா பின்னும். உள் தாள் சுற்றளவு வெளித் தாளை விட 2, 3 விழுக்காடு குறைவா இருக்கட்டும், லூப்பை அவ்வளவு இறுக்குங்க. சமமா வெச்சா உள்ளே சுருக்கம் விழுந்து வெளியே நெளிவு தெரியும். அஞ்சு விழுக்காட்டுக்கு மேல இறுக்கினா உள் தாள்தான் முழு இழுவிசையும் தாங்கும், வெளித் தாள் தொளதொளன்னு பை மாதிரி நிற்கும்.

#17 சாயத்தொட்டி
எல்லாரும் மெஷின்லயே நிற்கிறீங்க. பீஸ் எங்ககிட்ட வர்றப்போ தானே தெரியும் சமமா இல்லையான்னு. ரெண்டு தாளும் மெஷின்ல சமமா இருக்கிறது பெருசில்லை, சாயத்துக்கு அப்புறம் சமமா இருக்கணும். பருத்தி தாள் ஒரு அளவு சுருங்கும், நைலான் தாள் வேற அளவு. அதனால 10 பீஸ் பின்னி, சாயம் போட்டு, உலர்த்தி, 24 மணி நேரம் சும்மா பரப்பிப் போட்டு, ரெண்டு தாளையும் பிரிச்சு வெட்டித் தனித்தனியா அளந்து, அந்த வித்தியாசத்தை மெஷின்ல திருப்பிக் கொடுங்க. மெஷின்ல சூடா இறங்கின பீஸை அளந்து லாட்டை ஓட்டாதீங்க.

நைலான் ஆசிட் சாயம் பிடிக்கும், பருத்தி பிடிக்காது. வெளிர் நிறம்னா பருத்தியை வெள்ளையாவே விட்டுடலாம். கறுப்பு, நேவி, மெரூன்னா கழுத்து விளிம்புல உள் தாள் வெள்ளைக் கோடா தெரியும். அப்ப ரெண்டு குளியல்: முதல்ல பருத்திக்கு ரியாக்டிவ் சாயம், 60 டிகிரி, சோடா ஆஷ். நல்லா சோப்பிங் (சோப்பு போட்டு அலசுறது) பண்ணி, ஆல்கலி ஒரு துளி இல்லாம கழுவி, அப்புறம் நைலானுக்கு ஆசிட் சாயம். பிஎச் 5 பக்கம். 40 டிகிரியில ஆரம்பிச்சு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி ஏத்தி 98-ல முக்கால் மணி நேரம். சோப்பிங் சரியா இல்லேன்னா மிச்ச ரியாக்டிவ் ஆசிட் குளியல்ல நைலான் மேல ஏறிக்கும், நிறம் பிடிபடாது.

இறக்கும்போது அவசரப்பட்டுப் பச்சைத் தண்ணி திறந்துவிடாதீங்க. 60 டிகிரி வரைக்கும் மெதுவா இறக்கணும். திடீர்னு குளிர்ந்தா மடிப்புச் சுருக்கம் நைலான்ல செதுக்கின மாதிரி நின்னுடும். இரட்டைத் தாள்ல உள்ளே விழுந்த சுருக்கம் இஸ்திரிக்கும் எட்டாது.

இன்னொண்ணு, பருத்திக்கு பிளீச்னு பெராக்சைடை வழக்கமான சூட்டுல கொதிக்க வைக்காதீங்க. நைலான் பலம் போயிடும்.

#18 புதுஆபரேட்டர்
பருத்திக்கு பதிலா பாலிபுரோப்பிலீன் போட்டா வியர்வை நிற்காதுன்னு சொல்றாங்களே, சாயப் பிரச்சினையும் இல்லையே?

#19 சாயத்தொட்டி
சாயப் பிரச்சினை இல்லை, ஏன்னா அது எந்தச் சாயமும் பிடிக்காது. நிறம் வேணும்னா நூல் இழுக்கும்போதே நிறம் கலந்ததை வாங்கணும். ஆனா அது 165 டிகிரி பக்கத்துல உருகிடும். நைலான் லைக்ராவை 190-ல ஹீட்செட் (சூட்டுல அளவை நிலைநிறுத்துறது) பண்ற பழக்கத்துல ஸ்டென்டர்ல (துணியை விரிச்சு சூடு காட்டுற மெஷின்) விட்டீங்கன்னா உள் தாள் பிளாஸ்டிக் தகடா வெளியே வரும். ஆவி போர்டிங்ல (அச்சுல மாட்டி ஆவி கொடுக்கிறது) 110 டிகிரிக்குள்ள வேலையை முடிச்சிக்கணும்.
பாலியஸ்டர் போட்டாலும் தலைவலிதான். அதுக்கு 130 டிகிரி வேணும், அந்தச் சூட்டுல லைக்ரா தளரும், டிஸ்பர்ஸ் சாயம் நைலான்லயும் அழுக்கா ஏறும்.

#20 அளவுகோல்
சைஸ் பத்தி யாரும் பேசலையே. 14 இன்ச்சுல மீடியம் வந்தா லார்ஜுக்கு லூப்பைக் கூட்டிக்கலாமா?

#21 காஜ்28
கூடாது. லூப்பைக் கூட்டினா துணி மெலியும், அழுத்தம் மாறும், பிளேட்டிங் திரும்பவும் சொதப்பும். சைஸுக்கு ஒரு டயா: 13 இன்ச் 1152 ஊசி, 14-க்கு 1248, 15-க்கு 1344. ஒரே காஜ், ஒரே நூல், ஒரே லூப். நம்ம ஊருக்கு இது புதுசா என்ன? 85, 90, 95-னு ஆம்பளை பனியன் உடம்பளவுக் குழாயா, பக்கத் தையல் இல்லாம, அளவுக்கு ஒரு டயா மெஷின்ல பின்னித்தானே வருது. இத்தாலி பிரெஷியாவுலேர்ந்து வந்த மெஷின் அந்தக் குழாய்க்குள்ள ஊசி ஊசியா தேர்ந்தெடுக்கிற எலெக்ட்ரானிக்ஸைச் சேர்த்துது, அவ்வளவுதான்.

#22 புதுஆபரேட்டர்
ஜப்பான் மெஷின் கம்பெனி ஷிமா செய்கியோட ஹோல்கார்மென்ட் மெஷின்ல கை, கழுத்து எல்லாமே தையல் இல்லாம வருதே, அதுல போனா என்ன?

#23 நீடில்பெட்டி
அது ஃப்ளாட் படுக்கை (ஊசி வட்டமா இல்லாம நேர்வரிசையில), 1995-ல மிலான் கண்காட்சியில அறிமுகமானது. கையையும் உடம்பையும் மூணு குழாயா தனித்தனியா பின்னிட்டு, அக்குள்ல ஒண்ணு சேர்க்கும். ஸ்வெட்டருக்கு அருமை. 28 காஜ் மெல்லிசுல உடம்போட ஒட்டுற உள்ளாடைக்கு வட்ட மெஷின்தான் வேகத்துக்கும் மென்மைக்கும். வட்டத்துல ஒரு பீஸ் 3-லிருந்து 6 நிமிஷத்துல இறங்கிடும், ரெண்டு மடங்கு நீளக் குழாய்னா அதுக்கேத்த மாதிரி கூடும். கை வெட்டு தைக்கத்தான் வேணும். சீம்லெஸ்னா பக்கத் தையல் இல்லைன்னு அர்த்தம், தையலே இல்லைன்னு இல்லை.

#24 பேட்லாக்
அந்தக் கை வெட்டுக்கு நான் ஒண்ணு சொல்லணும். ரெண்டு தாளையும் ஒண்ணா வெச்சு வெட்டினா வெளித் தாள் ஒரு பக்கம், உள் தாள் ஒரு பக்கம் நழுவும், ஏன்னா முதுகு ரெண்டும் வழுக்கும். பின்னும்போதே கை வெட்டுக் கோட்டுக்கு 3, 4 மி.மீ. உள்ளே தள்ளி ஒரு டக் வரியை ரெண்டு தாளிலும் அடையாளமா போடச் சொல்லுங்க. அந்தக் கோட்டை ஒட்டி வெச்சு ஒரு ஓட்டு ஓட்டிட்டு அப்புறம் வெட்டுங்க. பைண்டிங் (விளிம்புப் பட்டை) போடும்போது உள் தாளை இழுத்துப் பிடிக்காதீங்க. இழுத்துத் தைச்சா துவைச்சதும் அக்குள்ல பூ மாதிரி சுருங்கும். ஊசி பால் பாயின்ட் 65 இல்ல 70. கூர் ஊசி போட்டா லைக்ரா அறுந்து, ரெண்டு நாள் கழிச்சு தையலை ஒட்டி ஓடும்.

#25 குழாய்நூல்
மடிப்பு முறையில் 10 பீஸ் எடுத்தாச்சு. வெல்ட் ஓட்டை இல்லை. கம்பி சோதனையில் பழைய பட்டை 1.7 கிலோ காட்டியது, லைக்ராவை இரண்டு கோர்ஸுக்கு ஒன்றாக்கின 6 செ.மீ. பட்டை 1.25 கிலோ. சாயத்துக்குப் பிறகு உள் தாள் அகலம் வெளித் தாளை விட 6 விழுக்காடு குறைவு. மெஷினில் 2.5 வைத்திருந்தேன்.

#26 கணக்கன்
6 செ.மீ. பட்டைக்கு இலக்கு 800 இல்லை, 1.2 கிலோ. ஆகவே 1.25 சரியான இடம். இனி அதைத் தொடாதீர்கள்.

#27 சாயத்தொட்டி
6-லிருந்து 2.5 போனா 3.5. அதைச் சாயம் எடுத்துக்கிட்டது. மெஷின்ல உள் தாளை 1 விழுக்காடு பெருசா பின்னுங்க, இறுக்கமா இல்லை. வெளியே வரும்போது 2.5-ல நிற்கும். அந்தப் பருத்தி லாட் நம்பரைக் குறிச்சு வெச்சுக்கோங்க. அடுத்த லாட் நூல் வந்தா திரும்பவும் 10 பீஸ்.